எந்த ஆட்டத்தை வைத்துக்கொள்வது

ஜெகதளாவில் நாங்கள் குடியிருந்த மாடி வீட்டைக் காலி செய்யச் சொன்னபோது எனக்கு முதலில் கவலை வந்தது பீரோவைப் பற்றியோ கட்டிலைப் பற்றியோ அல்ல. படுக்கையறைச் சுவரோரம் ஆள் உயரத்துக்கு அடுக்கி வைத்திருந்த விளையாட்டுப் பெட்டிகளைப் பற்றித்தான்.

வீட்டுக்காரர்கள் நல்லவர்கள். கீழ்வீட்டில் இருக்கும் படுகர் தம்பதி. வெளியூரில் வேலை பார்த்த மகன் குடும்பத்தோடு திரும்பி வருகிறான், மாடி தேவைப்படுகிறது என்று தயங்கித் தயங்கித்தான் சொன்னார்கள். மழைக்காலம் முடியும்வரை இருந்துகொள்ளுங்கள் என்றும் சொன்னார்கள். தேடி அலைந்ததில் குன்னூர் பக்கம் ஒரு வீடு கிடைத்தது. ஓர் அறை, ஒரு சமையல்கட்டு, அவ்வளவுதான்.

எங்கள் மலையில் வீடு பார்க்கப் போகிறவர்கள் முதலில் சுவரைத் தொட்டுப் பார்ப்பார்கள். நாங்களும் தொட்டுப் பார்த்தோம். மூன்று பக்கச் சுவரும் சில்லென்று ஓதம் காத்திருந்தது. அடுப்புக்குப் பின்னால் இருந்த சுவர் மட்டும் காய்ந்திருந்தது. அந்தச் சுவரில் ஓர் அலமாரி பதித்திருந்தார்கள். அட்டைப்பெட்டிகளை வைப்பதானால் அதில்தான் வைக்க வேண்டும். வேறு எங்கே வைத்தாலும் ஒரே மழைக்காலத்தில் பூசணம் பூத்துவிடும். அந்த அலமாரியில் நான்கைந்து பெட்டிகளுக்கு மேல் கொள்ளாது.

எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. இத்தனை விளையாட்டுச் சாமான் யாருக்கு என்று வீட்டுக்கு வருகிறவர்கள் கேட்பார்கள். எங்களுக்குத்தான் என்று சொன்னால் இருவரையும் ஒருமுறை ஏற இறங்கப் பார்ப்பார்கள்.

என் கணவர் ஒரு டீ ஃபேக்டரியில் ஃபிட்டர். நான் குன்னூரில் ஒரு ஹோட்டலில் வரவேற்பு மேசையில் இருக்கிறேன். கல்யாணமாகிச் சில வருடங்கள் கழித்து, ஃபேக்டரியில் ஒரு பெல்ட்டைச் சரிசெய்யும்போது அவர் வலது கை உள்ளே சிக்கிக்கொண்டது. கோயம்புத்தூரில் ஆபரேஷன் செய்து கையைக் காப்பாற்றிவிட்டார்கள். ஆனால் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் அதற்குப் பிறகு சரியாக மடங்கவில்லை. மாதக்கணக்கில் வீட்டில் இருந்தார். நான் வேலை முடிந்து வரும்போது ஜன்னலுக்கு வெளியே பனிமூட்டத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பேசினால் பதில் சொல்வார். தானாகப் பேச மாட்டார்.

அந்தச் சமயத்தில்தான் அவருடைய தம்பி பெங்களூரிலிருந்து ஒரு பெட்டியோடு வந்தார். இரண்டு பேர் மட்டும் ஆடும் ஆட்டம் அது. "அண்ணி, புத்தகம் குடுத்தா இவரு தூங்கிருவாரு. இதுல எதிர்ல ஆள் இருக்கும், தூங்க முடியாது" என்றார். அவர் சொன்னது சரியாகத்தான் இருந்தது. தம்பிக்கு அங்கே கூடத் தங்கியிருக்கும் நண்பர்களோடு புதுப்புது ஆட்டம் வாங்கி ஆடும் பழக்கம். அலுத்துப்போனதை எல்லாம் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்துவிடுவார். அப்படித்தான் அந்தச் சுவரோரம் நிறைந்தது.

வீடு உறுதியான அன்று மாலை டீ குடித்துக்கொண்டே நான் பேச்சை எடுத்தேன்.

"ஏனுங்க, இத்தனையும் அங்க கொண்டுபோய் எங்க வெக்கறது? பாதிக்கு மேல குடுத்துத்தான் ஆகோணும்."

"குடுத்துருவோம். எத குடுக்குறது?"

"ஒவ்வொண்ணையும் கடைசியா ஒருக்கா ஆடிப் பாத்துட்டு முடிவு பண்ணலாமுங்க."

அவர் ஒரு நிபந்தனை போட்டார். ஒரு பெட்டி எங்களோடு வர வேண்டுமென்றால் இரண்டு பேரும் சரி என்று சொல்ல வேண்டும். ஒருவர் வேண்டாம் என்றாலும் அது போய்விட வேண்டும்.

"அப்பிடின்னா ஒண்ணுமே மிஞ்சாதுங்க" என்றேன்.

"மிஞ்சுறது மிஞ்சட்டும் புள்ள."

அன்றிலிருந்து அந்த மழைக்காலம் முழுக்க எங்கள் மாலை நேரம் அப்படியே போனது. எனக்கு வாரத்தில் ஒரு நாள் லீவு, அவருக்கு ஞாயிற்றுக்கிழமை. இரண்டும் ஒன்றாக அமைவது அபூர்வம். அதனால் ஆறு மணிக்கு இருவரும் வீட்டுக்கு வந்து, விளக்குப் போட்டு, ஒரு பெட்டியைத் திறந்தால் சமையலுக்கு முன்னால் ஓர் ஆட்டம் முடியும்.

முதலில் போனவற்றில் யாருக்கும் வருத்தமில்லை. வெறும் தாயக்கட்டையை நம்பி ஆடும் ஒன்று, ஆடுவதற்கு முன்னால் அடுக்கி வைப்பதிலேயே அரை மாலை போய்விடும் ஒன்று, இப்படிச் சில. ஆங்கில எழுத்துக்கட்டைகளை அடுக்கி வார்த்தை கட்டும் ஆட்டத்தில்தான் முதன்முதலாகக் கருத்து வேறுபட்டது. அதில் நான்தான் எப்போதும் ஜெயிப்பேன். நாள் முழுக்க ஆங்கிலம் பேசிப் பிழைக்கிறவள் நான். ஜெயித்து ஜெயித்து அலுத்துவிட்டது, வேண்டாம் என்றேன். அவருக்கு முகம் வாடிவிட்டது.

"தோத்துட்டே இருக்கறவரு நீங்க. உங்களுக்கு எதுக்கு இது?"

"நான் வைக்கிற வார்த்தைக்கு நீ அர்த்தம் கேப்பல்ல. அது எனக்குப் பிடிக்கும்."

அவர் சொன்ன பிறகுதான் நானும் யோசித்துப் பார்த்தேன். அவர் அந்தக் கட்டைகளில் கட்டுவதெல்லாம் ஃபேக்டரி வார்த்தைகள். இலையை வாட்டுவது, நொறுக்குவது, சலிப்பது என்று ஒவ்வொன்றுக்கும் அங்கே ஒரு சொல் உண்டு. அப்படி ஒரு வார்த்தையே இல்லை என்று நான் அடம்பிடிப்பேன். அவர் அந்த மெஷின் எப்படி ஓடும் என்று கையால் சுழற்றிக் காட்டுவார். அவருடைய வேலையைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் பாதி அந்த ஆட்டத்தில் தெரிந்துகொண்டதுதான். ஆனாலும் நான் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன், நிபந்தனை நிபந்தனைதான். அதை எங்கள் ஹோட்டல் முன்கூடத்தில் விருந்தினர்களுக்காக இருந்த அலமாரியில் கொண்டுபோய் வைத்தேன். அவருடைய வேலையைப் பற்றி இனிமேல் நேராகவே கேட்பது என்று மனதுக்குள் முடிவு செய்துகொண்டேன்.

அதற்குப் பிறகு எனக்கு ஜெயிப்பது தோற்பதைவிட வேறொன்றில் ஆர்வம் வந்துவிட்டது. இவர் எதற்காக ஓர் ஆட்டத்தை விரும்புகிறார், எதற்காக வெறுக்கிறார்? கூடவே வாழ்கிற மனிதரைப் பற்றி எனக்கு இது தெரியவில்லையே என்று இருந்தது.

சதுரங்கம் எடுத்த அன்று இதைவிடப் பெரிய ஆச்சரியம் கிடைத்தது. நாங்கள் மற்ற எதையும்விட அதிகம் ஆடியது சதுரங்கம்தான். காய்களை நகர்த்தும் சத்தம் தவிர வேறு சத்தமே இருக்காது. இது நிச்சயம் எங்களோடு வரும், கேட்கவே வேண்டியதில்லை என்று நினைத்திருந்தேன். ஆட்டம் முடிந்ததும் அவர் தலையைச் சொறிந்துகொண்டு, "எனக்கு இது அவ்வளவா பிடிக்காது புள்ள" என்றார்.

"இத்தன வருசமா ஆடுனீங்களே?"

"உனக்குப் பிடிக்குமேன்னு ஆடுனேன்."

"எனக்குப் பிடிக்கும்தானுங்க. ஆனா நீங்க பேசாம இருக்கறதப் பாத்து உங்களுக்குத்தான் உசுருன்னு நெனச்சேன்."

அவர் விளக்கமாகச் சொன்னார். ஃபேக்டரிக்குள் நாள் முழுக்க மெஷின் சத்தம். பக்கத்தில் நிற்கிறவனிடம்கூட வாய்விட்டுப் பேச முடியாது, கையாட்டித்தான் சொல்ல வேண்டும். வீட்டுக்கு வந்த பிறகும் வாயைக் கட்டிக்கொண்டு உட்காருவது அவருக்குத் தண்டனையாக இருந்திருக்கிறது. எனக்கு நேர்மாறு. காலையிலிருந்து சாயங்காலம் வரை சிரித்த முகத்தோடு பேசிக்கொண்டே இருப்பதுதான் என் வேலை. வீட்டில் கொஞ்ச நேரம் யாரும் என்னிடம் எதுவும் கேட்காமல் இருந்தால் போதும் என்றிருக்கும். ஒரே பலகைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உட்கார்ந்துகொண்டு, நான் இளைப்பாறினேன், அவர் பொறுத்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் ஒரு பரீட்சை செய்து பார்த்தோம். சதுரங்கம் ஆடும்போது அவர் பேசலாம், நான் பதில் சொல்ல வேண்டியதில்லை. அவர் அன்றைக்கு ஃபேக்டரியில் நடந்ததைச் சொல்ல ஆரம்பித்தார். சூப்பர்வைசருக்கும் லாரிக்காரருக்கும் நடந்த வாக்குவாதம், பாய்லரில் வரும் புதுச் சத்தம், கேன்டீனில் டீயே சரியில்லாத விசித்திரம். நான் 'ம்' கூடக் கொட்டவில்லை, என் குதிரையைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன். இது அவருக்குக் கோபத்தைத்தான் தரும் என்று எதிர்பார்த்தேன். தரவில்லை. அவருக்குத் தேவைப்பட்டது சொல்வதற்கு ஓர் இடம், பதில் அல்ல. ஆட்டம் முடிந்தபோது இருவரும் சேர்ந்தே "வெச்சுக்கலாம்" என்றோம்.

இப்படி ஒன்று இருந்தால் இதற்கு எதிராக இன்னொன்று இருக்கத்தானே வேண்டும். தம்பி கொண்டுவந்ததில் ஒரு பெட்டி, இரண்டு பேரும் ஒரே பக்கம் நின்று ஆடுவது. பலகையில் ஒரு காடு. அதில் தீ பிடித்துப் பரவும். இருவரும் சேர்ந்து தண்ணீர் கொண்டுபோய் அணைக்க வேண்டும். அணைத்தால் இருவருக்கும் வெற்றி, காடு எரிந்தால் இருவருக்கும் தோல்வி. கணவன் மனைவிக்கு இதைவிடப் பொருத்தமான ஆட்டம் உண்டா என்று சொல்லித்தான் தம்பி கொடுத்திருந்தார். நாங்கள் அதை அதிகம் தொட்டதில்லை. ஏன் தொட்டதில்லை என்று இருவருக்குமே ஞாபகம் இல்லை.

பெட்டியைத் திறந்து ஆடிய அன்று ஞாபகம் வந்தது.

"நீ அந்தப் பக்கம் போ" என்றார். நான் போனேன். "இல்ல இரு, மொதல்ல தண்ணி எடு." எடுத்தேன். "அங்க ஊத்தாத. இங்க ஊத்துனாத்தான் அடுத்து நான் அத மறிக்க முடியும்."

"அப்ப நா எதுக்குங்க இங்க உக்காந்திருக்கறேன்?"

"நல்லதுக்குத்தானே சொல்றேன்."

"காலைல இருந்து மேனேஜர் சொல்லறதக் கேட்டுட்டு வர்றேன். ஊட்டுக்கு வந்து இதையுங் கேக்கோணுமா?"

என் காயை அப்படியே வைத்துவிட்டு அரிசி களையப் போய்விட்டேன். பிறகு பார்த்தால் அவர் தன்னுடையதையும் என்னுடையதையும் சேர்த்து இரண்டு பக்கத்தையும் தானே ஆடிக்கொண்டிருக்கிறார். குக்கர் விசில் வரும் நேரத்தில் சமையல்கட்டு வாசலில் வந்து நின்று, "அணைஞ்சிருச்சு" என்றார். அதுதான் எனக்கு ரொம்பக் கோபத்தை மூட்டியது. மறுநாளும் நான் முகம் கொடுத்துப் பேசவில்லை.

கோபம் ஆறிய பிறகு இருவரும் இதைப் பற்றி நிறையப் பேசினோம். எதிரெதிராக ஆடும்போது அவருடைய ராணியை நான் வெட்டி எறிந்திருக்கிறேன், என் வீட்டை அவர் சூறையாடியிருக்கிறார். அப்போதெல்லாம் ஒரு சண்டையும் வந்ததில்லை. ஒரே பக்கம் நின்றதும் வந்துவிட்டது. எதிர்ப்பக்கம் இருக்கும்போது என் காய் என்னுடையது, என் தப்பும் என்னுடையது. அதில் அவர் கைவைக்க முடியாது. சேர்ந்து ஆடும்போது அந்த வேலி இல்லை. "ஃபிட்டர் புத்தி புள்ள. ஒண்ணு சரியில்லன்னா கை சும்மா இருக்காது" என்றார். அதை மன்னிப்பு என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன்.

பெட்டியைக் கீழ்வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். எப்படி ஆடுவது என்று சொல்லிவிட்டு, சண்டை வரும் என்றும் சொன்னேன். வீட்டுக்காரம்மா மூடியைத் திறந்து அந்தக் காட்டை ரொம்ப நேரம் பார்த்தார். சில நாள் கழித்துத் துணி காயப்போடும்போது, என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

"ரெண்டு பேருக்கும் யோசன ஓடல. காட்ட எரிய விட்டுட்டு டீ குடிக்கப் போயிட்டோம்" என்றார். "ஆனா நல்லாத்தான் இருக்கு. இன்னிக்கும் எடுக்கணும்னு சொல்லிட்டிருக்கார்."

அப்படியும் அதை ஆடலாம் என்று எங்களுக்குத் தோன்றவே இல்லை.

பெட்டிகள் குறையக் குறைய, நான் பார்க்காதது போல இருந்த ஒன்று துருத்திக்கொண்டு தெரிய ஆரம்பித்தது. படுக்கையறைக் கதவுக்குப் பின்னால் பழைய போர்வை சுற்றிச் சாய்த்து வைத்திருந்த கேரம் போர்டு. அது கடையில் வாங்கியதோ தம்பி கொடுத்ததோ அல்ல, அவருடையது. அவர் பிறந்து வளர்ந்தது தேவாலாவில். அவருடைய அப்பா அம்மா இலங்கைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்து அங்கே எஸ்டேட்டில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். அங்கே தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்து வீடுகளுக்கு நடுவில் இளைஞர்கள் கூடும் ஓர் அறை உண்டு. அந்த அறையில் இவரை அடிக்க ஆள் கிடையாது என்று கல்யாணத்துக்கு வந்த அத்தனை பேரும் என்னிடம் சொன்னார்கள். புதுப்பெண்ணாக இருந்தபோது அவரோடு கேரம் ஆடியிருக்கிறேன். அவர் ஆரம்பித்தால் எனக்கு வாய்ப்பு வருவதற்குள் காய்கள் தீர்ந்திருக்கும். கை அடிபட்ட பிறகு போர்டைப் போர்வை சுற்றி வைத்தார். அதைப் பற்றி நாங்கள் பேசியதில்லை.

புது வீட்டில் அதை வைக்க இடமே இல்லை. இருந்தாலும் அதை ஆடிப் பார்க்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, எனக்கும் லீவாக அமைந்த நாளில், மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. அவரே போய்ப் போர்வையைப் பிரித்தார்.

"இது வேண்டாமுங்க, விடுங்க" என்றேன்.

"எல்லாத்தையும் ஒருக்கா ஆடணும்னு நீதானே சொன்ன."

பலகை ஈரத்தில் பிசுபிசுத்துக் கிடந்தது. அடுப்புப் பக்கம் சாய்த்து வைத்துக் காயவிட்டு, துணியால் துடைத்து, பவுடர் போட்டோம். அவர் முதலில் வலது கையால் முயன்றார். கட்டைவிரலையும் மோதிரவிரலையும் சேர்த்துச் சுண்டிப் பார்த்தார். ஸ்ட்ரைக்கர் கோணலாகப் போய்ச் சட்டத்தில் இடித்தது. இன்னொரு முறை. அதுவும் அப்படித்தான். பிறகு இடது கைக்கு மாற்றிக்கொண்டார். எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. விட்டுக்கொடுத்து ஆடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். அதைக் கண்டுபிடித்துவிடுவார் என்பதால் விட்டுவிட்டேன். நன்றாகவே அடித்தேன். கடைசியில் நான் ஜெயித்தேன், அவரை எதிர்த்துக் கேரமில் முதன்முறையாக.

என்ன சொல்லித் தேற்றுவது என்று நான் தேடிக்கொண்டிருந்தபோது, அவர் தலையை நிமிர்த்தி என்னிடம் ஒரு கேள்வி கேட்டார்.

"அடிக்கும்போது நீ எதப் பாக்குற? காயவா, குழியவா?"

அந்த முகத்தில் வருத்தத்தைத் தேடினேன். இல்லை. பழுதான மோட்டாரைப் பிரித்துப் போட்டுவிட்டு உள்ளே எட்டிப் பார்ப்பாரே, அந்த முகம்.

"காயத்தானுங்க பாக்கறேன். நீங்க?"

"தெரியலியே. அதான் கேக்குறேன். அத்தன வருசம் ஆடியிருக்கேன், எங்க பாத்தேன்னே தெரியல. கை பாத்துக்கும். இப்ப இந்தக் கைக்கு ஒண்ணும் தெரியல, நான்தான் பாத்துச் சொல்லணும். என்னாத்தப் பாக்குறதுன்னு எனக்குத் தெரியல."

அதற்குப் பிறகு நாங்கள் ஆடவில்லை, சோதித்தோம். காயைப் பார்த்து அடித்தால் என்ன ஆகிறது, குழியைப் பார்த்து அடித்தால் என்ன ஆகிறது, கண்ணை மூடிக்கொண்டு அடித்தால் என்ன ஆகிறது. நான் உட்கார்ந்திருந்த பக்கம் வந்து உட்கார்ந்து பார்த்தார். என் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டு நான் அடிப்பதைப் பார்த்தார். வெளியே மழை நின்றதையும் பால்காரர் வந்து கூப்பிட்டதையும் நாங்கள் கவனிக்கவில்லை. மூன்று நான்கு வருடமாகக் கதவுக்குப் பின்னால் இருந்த அதை ஒரு துக்கமாகவே நினைத்துக்கொண்டிருந்தேன் நான். அவருக்கு அது எப்படியிருந்தது என்று கேட்டதே இல்லை. இப்போது கேட்டேன்.

"கொஞ்ச நாள் கஷ்டமாத்தான் இருந்துச்சு. அப்புறம் அத எடுத்தா நீ அழுவியோன்னு எடுக்கல" என்றார்.

பலகையை வைத்துக்கொள்ளலாம், கட்டிலுக்கு அடியிலாவது போட்டுக்கொள்ளலாம் என்று நான் சொன்னேன். அவர்தான் வேண்டாம் என்றார்.

"இது ரெண்டு பேரு ஆடுறது இல்ல புள்ள. சுத்தி நாலு பேரு நின்னு பாக்கணும், கத்தணும். வீட்டுக்குள்ள வச்சா வெறும் பலகதான்."

அவர் வேண்டாம் என்றால் போய்விட வேண்டியதுதானே. எங்கே போக வேண்டும் என்பதிலும் அவருக்குச் சந்தேகம் இல்லை.

இருவரும் லீவு போட்டு, பலகையைக் கயிறு கட்டித் தூக்கிக்கொண்டு, ஊட்டிக்கு வந்து கூடலூர் பஸ் ஏறினோம். கண்டக்டர் முறைத்தார். பிறகு அவரே டிரைவர் சீட்டுக்குப் பின்னால் இடம் ஒதுக்கிக் கொடுத்தார். நடுவட்டம் வருவதற்குள் ஓர் அம்மா அதன்மேல் கேரட் மூட்டையைச் சாய்த்துவிட்டார், இன்னொருவர் கையூன்றிக்கொண்டு தூங்கிவிட்டார். இவர் எழுந்து எழுந்து பார்த்துக்கொண்டே வந்தார். கூடலூரில் இறங்கித் தேவாலா பஸ் மாறினோம். அங்கே எங்கள் பக்கத்தை விடப் பெரிய மழை.

என் மாமியார் எங்களைப் பார்த்ததும் முதலில் பலகையைத்தான் பார்த்தார். "என்னாத்துக்கு இத இம்புட்டுத் தூரம் சொமந்துக்கிட்டு வந்தீங்க" என்று மட்டும் கேட்டார். டீயைக் குடித்துவிட்டு இவர் அதைத் தூக்கிக்கொண்டு அந்த அறைக்குப் போனார். நானும் மாமியாரும் எதிர்வீட்டு வாசலில் நின்றோம். கை அடிபட்ட பிறகு எத்தனையோ முறை ஊருக்கு வந்திருக்கிறார், அந்த அறைப் பக்கம் மட்டும் போனதில்லை. அவர் மனம் நோகுமே என்று அங்கே ஆடுகிறவர்களும் கூப்பிட்டதில்லை.

உள்ளே இருந்தவர்கள் எழுந்து நின்றுவிட்டார்கள். பலகையை வாங்கி ஸ்டூல்மேல் வைத்தார்கள். யாரும் ஆட உட்காரவில்லை. இவர்தான், "நானும் ஆடுறேன், எடது கைல" என்றார். அவரோடு அந்தக் காலத்தில் ஜோடி சேர்ந்து ஆடியவர் ஒருவர், இப்போது ஜீப் ஓட்டுகிறார். அவர்தான் வாயைத் திறந்தார்.

"எடது கைன்னா நீ புது ஆளு. வரிசைல நில்லு. இவனுங்க ஆடி முடிக்கட்டும்."

இப்படிப் பேசுகிறாரே என்று எனக்குத் திக்கென்றது. இவர் மறுபேச்சில்லாமல் போய்ச் சுவரோரம் கடைசியில் நின்றுகொண்டார். நின்ற நிலையிலேயே அடிப்பவனுக்கு யோசனை சொல்ல ஆரம்பித்துவிட்டார், சத்தமாக. அவன் திருப்பித் திட்டினான். அந்தக் குரலில் அவர் பேசி நான் கேட்டதே இல்லை. என் வீட்டில் இருக்கிறவர் வேறு யாரோ என்பதுபோல வேடிக்கை பார்த்தேன். அவர் முறை வந்தபோது மோசமாக ஆடித் தோற்றார். அதைப் பற்றி யாரும் அனுதாபப்படவில்லை. அடுத்த ஆளை உட்காரச் சொல்லி அவரை எழுப்பிவிட்டார்கள்.

திரும்பி வரும் பஸ்ஸில் ஊட்டி வரும்வரை அவர் பேசிக்கொண்டே வந்தார். நான் பதில் சொல்லவில்லை. இப்போது அம்மாவைப் பார்க்கப் போகும்போதெல்லாம் அந்த அறைக்கும் போகிறார். இடது கை கொஞ்சம் தேறியிருக்கிறது, ரொம்ப இல்லை. காயைப் பார்ப்பதா குழியைப் பார்ப்பதா என்பதற்கு இன்னும் அவருக்கு முடிவு கிடைக்கவில்லை.

மழைக்காலம் முடியும் சமயத்தில் வீடு மாறினோம். அடுப்புச் சுவர் அலமாரியில் சதுரங்கமும் இன்னும் சிலவும் சேர்ந்தன. இருவருமே ஒரு நொடிகூட யோசிக்காமல் சரி சொன்ன பெட்டி ஒன்றுதான். அதைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

தம்பி அதைப் பழைய சாமான் விற்கும் இடத்தில் வாங்கினாராம். ஆடும் முறை எழுதிய தாள் உள்ளே இல்லை. பெட்டிமேல் இருந்த எழுத்தும் எங்களுக்குப் படிக்கத் தெரியாத ஏதோ பாஷை. உள்ளே ஆறுகள் கிளை பிரிந்து ஓடும் படம் அச்சடித்த ஒரு துணி, இரண்டு நிறத்தில் கூழாங்கற்கள், விரல் நீளத்துக்குச் சின்னச் சின்ன மரப்பாலங்கள், கூடவே மூன்று கறுப்புக் கட்டைகள். எப்படி ஆடுவது என்று நாங்களாகவே உண்டாக்கிக்கொண்டோம். பாலம் கட்டி, அதன் வழியாகக் கற்களை அக்கரைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். ஒரு பாலத்தில் ஒரு கல்தான் போகலாம். எதிரில் கல் வந்தால் யார் பின்வாங்குவது என்பதற்கு மட்டும் பல மாலைகள் விவாதம் நடந்தது. கறுப்புக் கட்டைகளை என்ன செய்வதென்று கடைசிவரை தெரியவில்லை, துணி காற்றில் பறக்காமல் ஓரத்தில் வைத்துக்கொண்டோம்.

புது வீட்டுக்கு வந்து குளிர் ஆரம்பித்திருந்த ஒரு நாள், ஹோட்டலில் முன்கூடத்து ஜன்னலோர மேசையில் ஒரு தம்பதி எதையோ விரித்து வைத்து ஆடிக்கொண்டிருந்தார்கள். நடுத்தர வயது, தமிழ்க்காரர்கள்தான். டீ வேண்டுமா என்று கேட்கப் போனவள் அப்படியே நின்றுவிட்டேன். அதே துணி, அதே ஆறு. ஆனால் அவர்கள் ஆடியது வேறு ஏதோ ஆட்டம். வைத்த கல்லை ஒருவரும் தொடவே இல்லை. மாறி மாறிப் பாலங்களைத்தான் எடுத்து வேறிடத்தில் வைத்தார்கள்.

"கல்லு நகராதுங்களா?" என்று கேட்டுவிட்டேன். விருந்தினர்களின் விளையாட்டில் அப்படி மூக்கை நுழைக்கக் கூடாதுதான்.

அந்த அம்மா நிமிர்ந்து, "கல்லு வச்சா வச்சதுதாங்க. பாலம்தான் நகரும். ரெண்டு கல்லுக்கு நடுவுல வழி உண்டாக்கணும்" என்று பொறுமையாகச் சொன்னார். எங்கள் வீட்டிலும் இது இருக்கிறது என்று நான் சொன்னதும் அவர்களுக்கு ஒரே சந்தோஷம். நாங்கள் எப்படி ஆடுகிறோம் என்று கேட்டார்கள். சொன்னேன். இருவரும் சிரிக்காமல் கேட்டுக்கொண்டது ஆறுதலாக இருந்தது. அதற்குள் வரவேற்பு மேசையில் போன் அடித்தது, நான் ஓடினேன்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதே சொல்லிவிட்டேன்.

"ஏனுங்க, நம்ம ஆடறது பூராத் தப்புங்க. கல்லு நகராதாம். பாலந்தான் நகருதாம்."

அவர் கையில் டீ டம்ளரோடு என்னைப் பார்த்தார். "பாலம் எப்புடிப் புள்ள நகரும்?"

"அதுல அப்பிடித்தானுங்க."

"நாம ஆடுனதுல எதுதான் சரி?"

"கல்லு ரெண்டு நெறங்கறது மட்டும் சரிங்க."

அவர் ரொம்ப நேரம் சிரித்தார். பிறகு துணியை விரிக்கச் சொன்னார். எனக்குத் தெரிந்தவரை சொல்லிக்கொடுத்தேன். உண்மையைச் சொன்னால், அவர்கள் ஆடும் முறைதான் சிறந்தது. பாலத்தை எடுத்தால் எதிராளியின் வழி அறுவதோடு நம் வழியும் அறும், ஒவ்வொரு முறையும் இரண்டு தரம் யோசிக்க வேண்டியிருந்தது. அவர் அதை ஒப்புக்கொள்ளவில்லை. கல் போய்ச் சேராத ஆட்டத்தில் என்ன இருக்கிறது என்றார். எதை வைத்துக்கொள்வது என்று இந்தத் தடவை நாங்கள் கேட்டுக்கொள்ளவில்லை. ஒரே துணிக்கு அலமாரியில் இடம் ஒன்றுதானே. ஒருநாள் அவர்கள் முறை, ஒருநாள் எங்கள் முறை என்று ஆடுகிறோம்.

அன்று ஆட்டத்தின் நடுவே அவர் துணி ஓரத்தில் இருந்த கறுப்புக் கட்டை ஒன்றை எடுத்து உருட்டிப் பார்த்தார்.

"இது என்னாத்துக்குன்னு கேட்டியா?"

கேட்கவில்லை. போன் அடித்ததில் மறந்தேபோனது. மறுநாள் காலை முதல் வேலையாக அவர்களைத் தேடினேன். விடியும் முன்னாலேயே அறையைக் காலி செய்துகொண்டு கிளம்பியிருந்தார்கள். வீட்டுக்கு வந்து சொன்னபோது அவருக்கு ஏமாற்றமில்லை. கட்டையை விளக்குக்கு நேரே பிடித்து, ஒரு பக்கம் மட்டும் லேசாகச் சாய்த்துச் செதுக்கியிருப்பதைக் காட்டினார். இத்தனை நாள் நாங்கள் அதைக் கவனித்ததே இல்லை. ஆற்று வளைவில் எங்கே அது பொருந்தும் என்று ஒவ்வோர் இடமாக வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.